அழுத அலுமாரி

அத்தியாயம் 4

அலுமாரி அழுகிறது என்று யாராவது வந்து சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சொன்னவரே அழுதுகொண்டுதான் நின்றார்.

அவர் பெயர் வீரம்மா. பேராதனை ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. வியாழக்கிழமை காலையில், குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார். 'எங்கள்' என்று நான் சொல்வது ஒரு பெருமைக்கு. அலுவலகம் பாலாம்பிகை மிஸ்ஸுடையது. இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பொய் சொன்னவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். நான் சின்னமுத்து. மிஸ் போகவேண்டிய இடத்துக்கெல்லாம் என் த்ரீவீலரில் கொண்டுபோய் விடுவதும், அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலை. முதல் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ. எந்த அலுமாரி?" என்றார் மிஸ். சொந்த ஊர் யாழ்ப்பாணம். கண்டிக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவருடைய பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

"மகளுக்குக் குடுத்த சீர் அலுமாரி மிஸ். தேக்குல செஞ்சது. ஞாயித்துக்கெழம கல்யாணம். அலுமாரி திங்கக்கெழமயே மாப்பிள்ள வீட்டுக்குப் போயிருச்சி. அடுத்த நாள் சம்பந்தியம்மா போன் பண்ணி, 'பெட்டிப் பலகைய அலுமாரின்னு அனுப்பிட்டீங்களா? மஞ்சமஞ்சளா ஒழுகுது, முகூர்த்த வேட்டியெல்லாம் பிசினு'ன்னு கத்துறாங்க. நாளைக்குள்ள தேக்கு அலுமாரி வந்து சேரணுமாம். இல்லாட்டி கல்யாணம் இல்லயாம்."

"நீங்கள் தேக்குதான் குடுத்தனீங்களோ?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் மிஸ். கல்யாணம் நின்னாக்கூட எப்படியாச்சும் தாங்கிக்குவேன். ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டாங்களே. எங்க பரம்பரையில யாரும் கேட்காத பேச்சு."

அதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சிரித்ததற்காக மனதுக்குள் என் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

"அலுமாரிச் சாவி ஆரிட்ட?" என்று கேட்டார் மிஸ்.

"ஒண்ணு பூட்டோடவே போயிருச்சி. மத்தது என் வீட்டுல. கல்யாணத்தன்னைக்குத் தட்டுல வச்சி சம்பந்தியம்மா கையில குடுக்கணும்ல?"

"அந்தச் சாவியைத் தாங்கோ. பேந்து அலுமாரியைப் பாக்கிறன்."

வீரம்மாவின் வீடு மகியாவையில். செவ்வாய்க்கிழமை மகளுக்கு நலங்கு வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிய பிறகு மணப்பெண் வாசல்படி தாண்டக் கூடாது, அடுப்படிப் பக்கமும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆகவே மகள் திலகேஸ்வரி பாயில் உட்கார்ந்தபடி சாவியை நீட்டினாள். கை, கால், கன்னம் எல்லாம் மஞ்சள். வாங்கிக்கொண்டது நான். வாங்கும்போது மஞ்சள் வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை குப்பென்று வந்தது.

"என்னாம்மா, நலங்குக்கு மண்ணெண்ணெயும் பூசுறாங்களா இப்பெல்லாம்?" என்றேன்.

"வெளக்குக்கு ஊத்தினேன்" என்று கையைச் சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு என் பகிடி பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்தான் ஆச்சரியம்.

மாப்பிள்ளை ராஜலிங்கத்தின் வீடு அம்பிட்டிய பாதையில், மலையைப் பார்த்து நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினால் வரும். எண்ணிக்கொண்டேதான் ஏறினேன். எண்ணாமல் ஏறினால் ஆயிரம் என்று சொல்லியிருப்பேன். உச்சிப் படியில் மாப்பிள்ளையின் அம்மா அழகம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார்.

"வாங்க. பொண்ணு வீட்டு ஆளுங்களா? வந்து கண்குளிரப் பாருங்க" என்றார்.

முன்னறையில், மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமாக அலுமாரி நின்றது. பார்வைக்குத் தேக்கு. நிறம், பளபளப்பு, முகப்பில் செதுக்கிய பூ, ஒன்றிலும் குறையில்லை. ஆனால் பலகையில் கண் கண்ணாக இருந்த முடிச்சுகளில் இருந்து மஞ்சள் நிறப் பிசின் பொலிஷைத் துளைத்துக்கொண்டு வழிந்திருந்தது. எந்தச் செத்த வீட்டிலும் நான் இவ்வளவு உண்மையான கண்ணீரைப் பார்த்ததில்லை.

மிஸ் குனிந்து, கதவின் ஓரத்தில் பெருவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் பிறை மாதிரிப் பதிந்தது. அடிப்பலகையில் இருந்து ஒரு சிம்பைப் பிய்த்து முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஹந்தானை மலையில வெயில் நேரம் நடந்தா வருமே, அந்த வாசம் மிஸ். பைனஸ் மரம்."

"அந்தப் பக்கத்தைத் தூக்கும் பாப்பம்."

தூக்கினேன். ஒரு கையிலேயே வந்தது. த்ரீவீலர் வாங்குமுன் இரண்டு வருஷம் கண்டி மார்க்கெட்டில் நாட்டாமியாக மூட்டை சுமந்தவன் நான். தேக்கு என்றால் என்ன எடை என்பது என் முதுகெலும்புக்குத் தெரியும்.

"பார்த்தீங்களா? பொண்ணு வீட்டுக்காரங்களத் தவிர வேற யாரு செஞ்சிருப்பா?" என்றார் அழகம்மா. "மருமக உடைச்சா பொன்குடமாம், மாமியா உடைச்சா மண்குடமாம். இங்க அலுமாரியே மண்குடம்."

பழமொழி எங்கே வந்து முட்டுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்கும் தைரியம் எனக்கில்லை.

மிஸ் வீரம்மாவின் சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கிளிக். வழுக்கிக்கொண்டு திறந்தது.

அழகம்மா வெற்றிச் சிரிப்பு சிரித்தார். "சாவியும் அவங்களோடது, பூட்டும் அவங்களோடது. இன்னும் என்னா விசாரண?"

எனக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் கட்சிக்காரியின் கழுத்தில் நாங்களே கயிற்றைப் போட்டுவிட்டோம் என்று தோன்றியது. மிஸ் மட்டும் பூட்டின் திருகாணிகளைத் தடவிப் பார்த்தார். பித்தளைத் திருகாணிகளின் தலையெல்லாம் ஒருமுறை கழற்றிப் பூட்டியதில் சிராய்ந்திருந்தன.

படி இறங்கும்போது, "ஒரு கள்ளன் தேக்கு அலுமாரியை எடுத்துப்போட்டு, அதின்ர பூட்டைக் கழட்டிப் பைனஸ் அலுமாரியில பூட்டியிருக்கிறான். ஏன்?" என்று கேட்டார்.

"நல்ல மனசுக்காரன் மிஸ்."

"கல்யாணத்தண்டைக்குத் தட்டில வைக்கிற சாவி பொருந்த வேணும் எண்டு நினைச்சவன். சாவியின்ர கதை வெளியாளுக்குத் தெரியாது."

படிக்கட்டின் அடியில் ஒரு சின்னக் கடை, வாசலில் உட்கார ஒரு நீள மரவாங்கு. கடைக்கார ஸெய்னுலாப்தீன் நானா, மேலே ஏறும் ஒவ்வொருவரையும் தராசில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்கிறவர். ஒரு ப்ளேன்டீ சொல்லிவிட்டு, திங்கட்கிழமை அலுமாரி ஏறியதைக் கண்டாரா என்று கேட்டேன்.

"கண்ட, கண்ட. ரெண்டு பொடியன்மார் தூக்கிட்டுப் போன. ஒத்தன் பாட்டும் படிச்சிக்கிட்டுப் போன."

"ரெண்டு பேரா? நடுவுல எறக்கி வைக்கலயா நானா?"

"எங்க! மேல போற பெரிய சாமான் எண்டா இந்த வாங்குலதான் சாய்ச்சி வெச்சி, ஒரு ப்ளேன்டீ குடிச்சிட்டுப் போற. பதினாறு வருஷமா அப்பிடித்தான். அவனுகள் ரெண்டு பேரும் டீக்கும் நிக்கல்ல. எனக்கு மனசு விட்டுப் போச்சு."

நான் டம்ளரை வைத்துவிட்டேன். "மிஸ், இது சத்தியம். தேக்கு அலுமாரிக்கு நாலு ஆள் வேணும். நாலு ஆள்னாலும் படி ஏறுமுன்ன ஒரு டீ குடிக்காம எந்த நாட்டாமியும் தோள் குடுக்க மாட்டான். பாடிக்கிட்டு ஏறினான்னா, கீழ வந்து சேர்ந்ததே பைனஸ்தான்."

"அப்ப வழியில மாறியிருக்கு. தச்சரைப் பாப்பம்" என்றார் மிஸ். என்னுடைய நாட்டாமி வாழ்க்கைக்குக் கிடைத்த முதல் மரியாதை அது.

கட்டுகஸ்தோட்டையில் அம்புறோஸ் பாஸின் தச்சுப் பட்டறை. பாஸ் காதில் பென்சிலும் கழுத்தில் சிலுவையுமாக வந்தார். பெட்டிப் பலகை என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"சேசுவே! நானா? நாலு பேரு சேர்ந்து லொறியில ஏத்தினோம் மிஸ். என் இடுப்பு இன்னும் சரியாகல. வேணும்னா பாருங்க, மிச்சத் தேக்கு அங்க கெடக்கு."

மிஸ் சிம்பைக் கொடுத்து, போனில் எடுத்திருந்த அலுமாரிப் படத்தையும் காட்டினார். பாஸ் முகர்ந்து, நகத்தால் கீறி, நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.

"பைனஸ். பச்ச மரம். ஆனா மரத்தக் குத்தம் சொல்லாதீங்க மிஸ். காய வச்சி, மருந்து ஏத்தி எடுத்தா கட்டில் செய்யலாம், உள்கூர அடிக்கலாம், தட்டு, மேச எல்லாம் ஆகும். எடை கம்மி, வாள் லேசா ஓடும், ஆணி நேரா எறங்கும். தேக்குன்னா மொதல்ல ஓட்ட போடணும், இல்லாட்டி ஆணிதான் வளையும். இது வெட்டி பதினஞ்சு நாள்கூட இருக்காது. ஈரத்தோட பொலிஷ் அடிச்சி வெயில்ல வச்சா, அழாம என்னா செய்யும்? செஞ்சவன் தச்சன் இல்ல. ஏற்றுமதிச் சரக்குக்கு மரத்தட்டு அடிக்கிற எவனோ. முகப்புப் பூவ மட்டும் யாரோ நல்லாப் பார்த்துச் செதுக்கியிருக்கான்."

"தேக்கு அலுமாரியை ஆர் வந்து ஏத்திக்கொண்டு போனது?"

"மாப்பிள்ளத் தம்பிதான். கூட்டாளி லொறியோட வந்தாரு."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை! மிஸ் விரலில் ஒட்டியிருந்த பிசினைக் கைக்குட்டையில் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டைதான் ஒட்டிக்கொண்டது.

"சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது மிஸ்" என்று பாஸ் ஒரு போத்தலை எடுத்துவந்தார். "அழுக்கப் புடிச்சி வச்சிக்கிட்டு நாலஞ்சு நாளு நிக்கும். இத ஊத்தித் தேய்க்கணும்."

போத்தலில் இருந்தது மண்ணெண்ணெய்.

மிஸ் கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். மிஸ் சிரித்தால் யாரோ ஒருவருக்கு நல்ல காலம் முடிந்தது என்று அர்த்தம். த்ரீவீலரைக் கிளப்பியதும் நான் தொடங்கினேன்.

"மாப்பிள்ளதான் திருடன். தேக்க வித்துட்டான். நேரா பொலிசுக்குப் போவோமா?"

"வித்தவன் பூட்டை ஏன் மாத்திறான்? சரி, காலமை அந்தப் பிள்ளையின்ர கையில என்ன மணம் எண்டு சொன்னீர்?"

நல்ல வேளை, எதிரே வந்த பஸ்காரனுக்கு பிரேக் நன்றாகப் பிடித்தது. அவன் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

"பொண்ணா மிஸ்! அடுப்படிப் பக்கமே போகாத பொண்ணு!"

"மகியாவையில லைற் இருக்கேக்க விளக்குக்கு ஏன் மண்ணெண்ணெய்? முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கப் பாத்தவை ரெண்டு பேர். ஒருத்தர் தேக்கைத் தூக்கினவர், மற்றவ பொலிஷ் அடிச்சவ."

"ஆனா ஏன்? சொந்த அலுமாரிய சொந்தக்காரியே எதுக்குத் திருடணும்?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

போகும் வழியில் எனக்குச் சங்கடமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெரியவர்களை ஏமாற்றியது வெளியே வரும். அழகம்மாவின் வாய்க்கு அது போதும், கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் வீரம்மா சாகும்வரை ஏமாற்றுக்காரி. இன்சூரன்ஸ் கம்பனி என்றால் ஒரு கையெழுத்தோடு முடித்துவிடலாம், இது இரண்டு குடும்பம்.

மகியாவையில் மிஸ் திலகேஸ்வரியைத் தனியே கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவள் வெளியே வந்து, "அம்மா, நானும் அம்பிட்டியவுக்கு வாறேன்" என்றாள். மஞ்சள் பூசிய பெண் வெளியே கிளம்புவதா என்று வீரம்மா பதறினார். கடைசியில் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க மகளின் கையில் ஒரு பாக்குவெட்டியைக் கொடுத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். கண்டி நகரத்துக்குள்ளே, மஞ்சள் முகமும் பாக்குவெட்டியுமாக ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போன ஒரே த்ரீவீலர்காரன் நானாகத்தான் இருப்பேன். சிக்னலில் நின்றபோது ஒரு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் போகவிட்டார்.

நாங்கள் மேலே ஏறிய நேரம் ராஜலிங்கம் வேலையால் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திலகேஸ்வரியைக் கண்டதும் டீ சட்டையில் கொட்டியது. அழகம்மா பிசின் துடைக்கும் துணியோடு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்னா, கொறைய ஒத்துக்கிட வந்தீங்களா சம்பந்தி?" என்றார்.

வீரம்மா தலையைக் குனிந்தார். குனிய வேண்டிய தலை அதுவல்ல. மிஸ் திலகேஸ்வரியைப் பார்த்தார். அவள் முன்னுக்கு வந்தாள்.

"அத்த, எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அம்மா குடுத்தது தேக்குதான். மாத்தினது நான்." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். மஞ்சளுக்கு அடியில் கரும்புள்ளியாகப் பிசின் அப்பியிருந்தது. "பொலிஷ் அடிச்சதும் நான்தான்."

"நாங்க ரெண்டு பேரும்தான்" என்று ராஜலிங்கம் எழுந்தார். "தேக்கு அலுமாரி பத்திரமா இருக்கும்மா. பேராதன ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கேன். அங்க வச்சிருக்கேன்."

"வீடா? எதுக்குடா வீடு?"

அவர் சட்டையில் கொட்டிய டீயைத் துடைத்தார். திலகேஸ்வரிதான் சொன்னாள்.

"தனியா இருக்கலாம்னு அத்த. சீர் அலுமாரி நிக்கிற வீடுதானே குடித்தனம் நடக்கிற வீடு? அது ஒருக்கா இங்க ஏறிருச்சின்னா, அப்புறம் எறங்காது. எறக்கினா ஊரு சிரிக்கும். லேசான அலுமாரின்னா பழுதாப் போச்சின்னு சொல்லி விட்டுட்டுப் போயிடலாம். கல்யாணம் முடிஞ்சி ஒரு மாசத்துல சொல்லுவோம்னு இருந்தோம். இது இப்படி அழும்னு தெரியாது."

முன்னறையில் முதலில் பேசியது வீரம்மா.

"ரெண்டு நாளா நான் அழுதேனே. பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?"

"சொல்லத்தான் வந்தேம்மா. பயந்துட்டேன்."

"என்னைய ஏமாத்துக்காரின்னாங்க திலகா."

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய காரணம் எனக்கு விளங்கியது, இருந்தாலும் வந்தது. அவளும் அழ ஆரம்பித்துவிட்டாள். அலுமாரியையும் சேர்த்தால் அந்த அறையில் மூன்று பேர் அழுதார்கள்.

எல்லோரும் அழகம்மாவைப் பார்த்தோம். எங்கள் மிஸ்கூடக் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு சொல்லில் கல்யாணம் போய்விடும். அழகம்மா துணியை மெதுவாக மடித்தார், அலுமாரியின்மேல் வைத்தார், ஜன்னல் வழியே கீழே போகும் படிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த வீட்டுல எத்தன ரூம்டா?"

"ரெண்டும்மா."

"தண்ணி?"

"குழாய்த் தண்ணி. உள்ளுக்கே வருது."

"முப்பது வருஷமா அரிசியும் எண்ணெயும் இந்தத் தோள்லதான்டா ஏறுது. எறங்கிப் போக ஒரு எடம் கெடைக்கலியேன்னுதான் நான் கெடந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் தேக்கு அலுமாரிய நானே ஒரு பக்கம் புடிச்சிருப்பேனே!" மகனின் தோளில் ஒரு அடி வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய ரூம நீங்க வச்சிக்கங்க. சின்ன ரூம் எனக்குப் போதும்."

ராஜலிங்கம் திலகேஸ்வரியைப் பார்த்தார். திலகேஸ்வரி ராஜலிங்கத்தைப் பார்த்தாள். எடை குறைந்த அலுமாரி ஒன்றைத் தேடி இவர்கள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்து போனதை நான் என் கண்ணால் கண்டேன்.

அழகம்மா அதற்குள் வீரம்மாவின் கையைப் பிடித்திருந்தார். "என் வாய்தான் சம்பந்தி பெட்டிப் பலக. மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கெழம அந்தச் சாவிய நீங்கதான் எனக்குத் தட்டுல வச்சித் தரணும்."

வீரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு நாளாக முகத்தில் இல்லாத சிரிப்பு ஒன்று மெல்ல அவருடைய வாயோரத்தில் வந்தது.

"கட்டாயம் தாறேன் சம்பந்தி" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். புள்ளைங்க ரெண்டு பேரையும் ஒரு நாளும் தனியா விட்டுடாதீங்க."